கோலம் போடாத வியாழக்கிழமை

கோமளம் தன் அணியைத் தலைமுழுகுவது இது முதல் தடவை இல்லை. ஐபிஎல் தொடங்கிப் பதினேழு வருஷம் ஆகிறது. ப்ளே ஆஃப் வரைக்கும் ஆசை காட்டிவிட்டு பெங்களூர் தோற்கும் ஒவ்வொரு முறையும், மறுநாள் காலை ஆறு மணிக்குப் பச்சைத் தண்ணீரை இரண்டு பக்கெட் தலையில் ஊற்றிக்கொண்டு, "இன்னியோட உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்லை" என்று குளியலறைச் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருவாள். அடுத்த மார்ச் வந்தால் சுவருக்கும் அது மறந்துபோகும், அவளுக்கும் மறந்துபோகும்.

சாதாரணப் பெண்மணி என்று நினைத்துவிடக் கூடாது. பொதுப்பணித் துறையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, சூப்பரின்டெண்டாக ரிடையர் ஆனவள். கோமளம் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் கான்ட்ராக்டர்கள் நாற்காலியில் நெளிவார்கள். தாத்தா காலத்தில் மைசூர் சமஸ்தானத்து உத்தியோகத்துக்கு என்று வந்த குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், கிரிக்கெட் என்று வந்துவிட்டால் சிவப்புச் சட்டை. அப்பேர்ப்பட்டவள், நேற்று அகமதாபாத்தில் ராஜஸ்தான்காரன் ஒரு ஓவர் மிச்சம் வைத்து ஜெயித்தபோது, சோபாவில் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். அழாமல் என்ன செய்வாள்? எட்டு மேட்சில் ஒன்றுதான் ஜெயித்திருந்த அணி, அதன் பிறகு வரிசையாக ஆறு ஜெயித்து, போன சனிக்கிழமை சென்னையையே வெளியே தள்ளிவிட்டு வந்திருந்தது. இந்தத் தடவையும் நம்பாவிட்டால் அவள் மனுஷியே இல்லை.

குளியலோடு அனுஷ்டானம் முடிந்துவிடாது. அன்றைக்கு வாசலில் கோலம் கிடையாது. அடுப்பு பற்றாது. டிவியின் மேல் ஒரு வெள்ளை வேஷ்டி போர்த்தப்படும். வீட்டில் உள்ள எல்லா செல்போனும் அணைக்கப்படும். இல்லாவிட்டால் மாம்பலத்து ஒன்றுவிட்ட தம்பி விடியற்காலையிலேயே கேலிப் படங்களாக அனுப்பி உயிரை வாங்குவான். புருஷன் அனந்தபத்மநாபனும் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். அவருக்கு எல்.பி.டபிள்யூ. என்றால் என்னவென்று இன்றுவரை தெரியாது. "ஊர்ல தண்ணிப் பஞ்சம்டி, டேங்கர் வர்றதே வாரத்துக்கு ரெண்டு நாள்தான்" என்று இந்த வருஷம் சொல்லிப் பார்த்தார். "அப்ப ஒரு பக்கெட் போறும்" என்றாள். பச்சைத் தண்ணீர் அவருக்கு ஆகாது. அன்றைக்கு டேங்கர் வரவே பத்து மணி ஆகிவிட்டது. தலைக்கு ஊற்றிக்கொண்டதிலிருந்து தும்மிக்கொண்டே இருந்தார், கண்ணும் மூக்கும் சிவந்து வழிந்தன.

எதிர் ஃப்ளாட் மமதாவுக்கு இதெல்லாம் பழக்கம். ஜெயநகரில் அந்தக் கட்டிடத்துக்கு அவள் குடிவந்து பத்து வருஷம் ஆகிறது. கோமளம் ஆன்ட்டி வீட்டில் அடுப்பு பற்றாத நாளில் சாப்பாடு தன் பொறுப்பு என்று அவளாகவே ஏற்றுக்கொண்டிருந்தாள்.

இத்தனையும் வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனால் இந்த வருஷம் ஒரு சிக்கல் இருந்தது. மகள் ஷ்ரேயாவுக்கு அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை ரித்விக், எலக்ட்ரானிக் சிட்டியில் அவளோடு ஒரே ஆபீஸ். ஜூலையில் ஜெர்மனிக்குப் போகிறான், பத்து மாச வேலை. அதற்குள் நிச்சயத்தை முடித்து, அவன் திரும்பி வந்ததும் கல்யாணம் என்று ஏற்பாடு. பையனின் அப்பா அம்மா சென்னை அடையாறில் இருக்கிறார்கள். "அம்மா, அவாத்துல எல்லாரும் மஞ்சள்" என்று ஷ்ரேயா முதல் நாளே எச்சரித்திருந்தாள். "அவர் அப்பா சென்னை டீம்னா உசிர விட்டுடுவார். நம்மாத்துல யாரும் கிரிக்கெட்டே பாக்கறதில்லேன்னு சொல்லி வச்சிருக்கேன். நிச்சயம் முடியற வரைக்கும் நீ வாயத் திறக்கப்படாது. அப்பா, நீயும்தான். கிரிக்கெட்ங்கற வார்த்தையே வரக்கூடாது. சத்தியம் பண்ணு."

அனந்தபத்மநாபன் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். அவர் சத்தியம் செய்தால் செய்ததுதான். வரப்போகும் விபரீதம் முழுக்க அந்த நல்ல குணத்தால் வந்தது.

பதினோரு மணி இருக்கும். ஷ்ரேயா ஆபீஸுக்குப் போயிருந்தாள். அழைப்பு மணி அடித்தது. மமதாவாக இருக்கும் என்று அனந்தபத்மநாபன் ஈர வேஷ்டியோடும் தோளில் துண்டோடும் போய்க் கதவைத் திறந்தார். திறந்தால், சம்பந்திகள். சுந்தரம், ஐந்து நாள் நரைத்த தாடியோடு. பக்கத்தில் உஷா, கையில் ஒரு தட்டு. தட்டில் மல்லிகைப்பூ, வெற்றிலை, ஆப்பிள், ஒரு பட்டுப்புடவைப் பெட்டி. மைசூரில் ஒரு பூணூல் கல்யாணம். போகிற வழியில் பெங்களூரில் இறங்கி, நிச்சயத்துக்கு எடுத்த புடவையைப் பெண் வீட்டில் காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்கள். காலையிலிருந்து நாலைந்து தடவை போன் செய்து பார்த்திருக்கிறார்கள். எல்லாம் அணைந்து கிடந்தன.

உஷாவின் கண் முதலில் வாசற்படிக்குப் போனது. கோலம் இல்லை. பிறகு அனந்தபத்மநாபனின் ஈர வேஷ்டிக்குப் போனது, சிவந்த கண்ணுக்குப் போனது. அவர் தோளுக்கு மேலே ஹாலில் கோமளம் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஈரத் தலையை விரித்துப் போட்டிருந்தாள், முகம் வீங்கியிருந்தது. அவளுக்குப் பின்னால் எதையோ வெள்ளை வேஷ்டியால் மூடியிருந்தார்கள். உஷா தட்டைச் சட்டென்று புருஷன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

சுந்தரம் அனந்தபத்மநாபனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லப்படாதா மாமா?"

"இல்ல, அது வந்து..." என்று தொடங்கிய அனந்தபத்மநாபனுக்குச் சத்தியம் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு தும்மினார். சுந்தரம் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

உள்ளே வந்த உஷா சோபாவின் விளிம்பில் பட்டும் படாமலும் உட்கார்ந்தாள். கோமளத்தைப் பார்த்து மெதுவாக, "மனசத் தேத்திக்கோங்கோ மாமி" என்றாள்.

கோமளத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் இவர்களுக்குத் தெரிந்துவிட்டதா? ஷ்ரேயா உளறிவிட்டாளா? தெரிந்தும், சென்னைக்காரர்களாக இருந்தும், தோற்ற வீட்டுக்குத் தேடி வந்து ஆறுதல் சொல்கிறார்கள் என்றால் எவ்வளவு பெரிய மனசு! இந்த மாதிரி குடும்பம் கிடைக்க ஷ்ரேயா கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். அடங்கியிருந்த அழுகை மறுபடி பொங்கிக்கொண்டு வந்தது.

"நம்பிண்டிருந்தேன் மாமி" என்றாள். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். உஷாவின் கண்களும் கலங்கின.

அந்த நேரம் பார்த்து மமதா மூடி போட்ட பெரிய பாத்திரத்தோடு உள்ளே வந்தாள். வந்தவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியாது. "ஆன்ட்டி, இன்னிக்கு நீங்க அடுப்பு பத்த வைக்க மாட்டீங்கன்னு கொத்து, தெரியும். பிசிபேளா பாத் மாடிதீனி, பண்ணியிருக்கேன். அழாம ஊட்டா பண்ணுங்க" என்று கன்னடம் கலந்த தன் தமிழில் சொல்லிவிட்டுப் பாத்திரத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். கோமளத்தின் தலையைத் தடவிவிட்டு அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். சுந்தரமும் உஷாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இனி சந்தேகம் எதுவும் மிச்சமில்லை.

சுந்தரம் அனந்தபத்மநாபனைப் பால்கனிக்கு அழைத்துப் போய் ஏதோ தாழ்ந்த குரலில் கேட்டார். பிறகு இருவரும் திரும்பி வந்தார்கள். சம்பந்திகள் கிளம்பினார்கள். ஒரு வார்த்தை பேசாமல், செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டார்கள். மல்லிகைத் தட்டும் அவர்களோடு திரும்பிப் போனது.

கோமளம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏதோ உறுத்தியது. குடிக்க ஜலம்கூட வேண்டாம் என்றார்கள், சரி. கொண்டுவந்த பூவை ஏன் கொடுக்கவில்லை? போன தடவை வந்தபோது லிப்ட் கதவு மூடும் வரைக்கும் ஆறு தடவை "போயிட்டு வரேன், போயிட்டு வரேன்" என்று சொன்ன உஷா, இன்றைக்கு ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே? எந்த வீட்டிலிருந்து ஜனங்கள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவார்கள்?

கோமளம் வாசலைப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். புருஷனின் ஈர வேஷ்டியைப் பார்த்தாள். 

"ஏன்னா, பால்கனில அவர் என்ன கேட்டார்?"

"தீட்டு எத்தனை நாள்னு கேட்டார்" என்றார் அனந்தபத்மநாபன். "பங்காளின்னா பத்து நாளாச்சே, நிச்சயதார்த்தத்தைத் தள்ளி வச்சுடலாமான்னார்."

"அதுக்கு நீங்க என்ன சொன்னேள்?"

"எனக்கென்ன தெரியும்? அவளக் கேட்டுண்டு சொல்றேன்னேன்."

"யாரும் சாகலேன்னு சொல்ல வேண்டியதுதானே!"

"அப்ப ஏன் இப்படி உக்காந்திருக்கேள்னு கேப்பார். கிரிக்கெட்னு சொல்லணும். நான் சத்தியம் பண்ணியிருக்கேன் கோமளம்."

கோமளம் எழுந்து நின்றாள். நிச்சயம் தள்ளிப்போனால், ஊரிலிருந்து வருபவர்களைச் சேர்த்து அடுத்த நல்ல நாள் பார்ப்பதற்குள் ஆடி வந்துவிடும். அதற்குள் பையன் ஜெர்மனிக்குப் பறந்துவிடுவான். இரண்டு வருஷமாக அந்தப் பையனைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் இருந்த பெண், இன்னும் பத்து மாசம் நிச்சயம்கூட ஆகாமல் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். எல்லாம் அம்மா ஒரு கிரிக்கெட் மேட்சுக்கு முழுகியதால். 

அனந்தபத்மநாபன் யோசனை சொன்னார். "தூரத்து உறவுன்னு சொல்லிடலாம். மூணு நாள்ல போயிடும். மைசூர் சேஷாத்ரி சித்தப்பா... தொண்ணூறு ஆறது."

"நிச்சயதார்த்தத்துக்கு முதல் பந்தியில உக்காரப் போறதே அவர்தான்!"

"அப்ப தும்கூர் அத்தை?"

"அவ நலங்குப் பாட்டுக்கு நோட்டு எழுதிண்டிருக்கா. சும்மா இருங்கோ." கோமளம் கூந்தலை அள்ளி முடிந்தாள். கப்பு கொண்டுவரத் துப்பில்லாத ஒரு அணிக்காக உயிரோடு இருக்கிற மனுஷர்களைச் சாகடிக்க அவளுக்கு மனசு வரவில்லை. உண்மையைச் சொன்னால் அவமானம். மஞ்சள் வீட்டுக்காரர் முன்னால் பொய்க்காரியாக நிற்க வேண்டும். ஷ்ரேயா சொன்ன பொய்யும் சேர்ந்து உடையும். போகட்டும். செருப்பைக்கூடத் தேடாமல் படியில் இறங்கி ஓடினாள்.

நல்ல வேளையாக பெங்களூரில் டாக்சி சொன்ன நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமில்லை. இரண்டு டாக்சி கேன்சலாகி, மூன்றாவதற்காக சம்பந்திகள் கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். சுந்தரம் போனில் வாத்தியாரிடம், "ஆமா, பொண்ணாத்துல துக்கம். வேற நாள் பாத்துச் சொல்லுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"வச்சுடுங்கோ மாமா!" என்று கோமளம் கத்தினாள். "ஃபோன வச்சுடுங்கோ! எங்காத்துல யாரும் போகலை!"

சுந்தரம் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"யாரும் சாகலை. நேத்து பெங்களூர் தோத்துப் போச்சு. அதுக்குத்தான் முழுகினேன். அதுக்குத்தான் கோலம் போடலை, அடுப்பு பத்த வைக்கலை. பதினேழு வருஷமா இப்படித்தான். கிரிக்கெட்டே பாக்கமாட்டோம்னு ஷ்ரேயா சொன்னது பொய். எனக்காகச் சொன்னா. அவ மேல தப்பில்லை. என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்கோ, நிச்சயத்த மட்டும் தள்ளி வைக்காதேங்கோ." மூச்சு வாங்கியது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவளால் சுந்தரத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

 ஒரு மாதிரியான சத்தம் கேட்டது. உஷா சிரித்துக்கொண்டிருந்தாள். தட்டு ஆடியது. ஒரு ஆப்பிள் உருண்டு சாக்கடைப் பக்கம் போனது. அவள் நிறுத்தவில்லை.

"நீங்க சொல்றேளா, நான் சொல்லட்டுமா?" என்று புருஷனைக் கேட்டாள். சுந்தரம் மரத்தைப் பார்த்தார். "அப்ப நானே சொல்றேன். மாமி, இந்தத் தாடி எதுக்குன்னு நினைச்சேள்? வேண்டுதலா? சனிக்கிழமை உங்க ஊர்க்காரா எங்களைத் தோக்கடிச்சதிலேர்ந்து இவர் ஷேவ் பண்ணிக்கலை. அஞ்சு நாள் மோர் சாதம். பேச்சு கிடையாது. நேத்து நீங்க தோத்தப்புறம்தான் வாயத் திறந்து, 'பசிக்கறது, அடை வாரு'ன்னார். மைசூருக்கு நேரா போற ரயில விட்டுட்டு இங்க எதுக்கு இறங்கினோம் தெரியுமா? புடவையக் காட்ட மட்டும் இல்லை. 'பெங்களூர்க்காரன் மூஞ்சிய நேர்ல ஒரு தடவை பாக்கணும்டி'ன்னார்!"

கோமளம் நிமிர்ந்தாள். "பாத்தாச்சோல்லியோ?" என்றாள். பொதுப்பணித் துறைக் குரல் திரும்ப வந்துவிட்டது. "திருப்தியா?"

சுந்தரம் முகம் சிவந்தார். ஐந்து நாளாக அடக்கி வைத்திருந்தது வெடித்தது. "என்ன மாமி திருப்தி? எங்களை வெளியில தள்ளிட்டுப் போனேளே, போய் என்னத்தக் கிழிச்சேள்? எங்கள ஜெயிச்சவா கப்ப ஜெயிச்சான்னாவது ஒரு கௌரவம் இருந்திருக்கும். அதுவும் இல்லாமப் பண்ணிட்டேளே!"

"உங்ககிட்டதான் அஞ்சு கப்பு இருக்கே, ஒண்ணு விட்டுக் குடுத்தா குறைஞ்சா போயிடுவேள்?"

"விட்டுக் குடுத்தோமே சனிக்கிழமை!"

"குடுத்தேளா? நாங்க மழையில நனைஞ்சு பிடுங்கிண்டோம்!"

மூன்றாவது டாக்சிக்காரர் வந்து ஹாரன் அடித்தார். இரண்டு பேரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. உஷாதான், "நாளைக்குத்தான் பூணூல், மத்தியான ரயில்ல போய்க்கறோம்" என்று யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிவிட்டு அவரை அனுப்பி வைத்தாள். பிறகு அங்கேயே, நடுத்தெருவில், தட்டிலிருந்த மல்லிகையை எடுத்துக் கோமளத்தின் ஈரத் தலையில் வைத்துவிட்டாள்.

மேலே வந்ததும் சத்தம் இன்னும் கூடியது. கோமளம், "மார்ச்ல எங்க பொண்கள் டீம் கப்பு கொண்டுவந்தாச்சு" என்றாள். "பொண்கள் ஜெயிச்சா, ஒத்துக்கறேன். நான் பசங்களக் கேக்கறேன்" என்றார் சுந்தரம். நடுவில் புகுந்த மமதா, "முந்தின சல கப் நம்தே!" என்று கையை உயர்த்தினாள். கன்னடத்தில் முந்தின சல என்றால் அடுத்த தடவை, நம்தே என்றால் நம்முடையதே. அது தெரியாத சுந்தரம், "முந்தினதும் உங்களுது இல்லையேம்மா" என்றார். அனந்தபத்மநாபன் எல்லோருக்கும் மொழிபெயர்த்துச் சொல்லி, அவரே முதலில் சிரித்தார். கிரிக்கெட்டைப் பற்றி அவர் வாழ்க்கையில் சிரித்த முதல் ஜோக் அதுதான்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். கோமளம் தட்டில் கை வைக்காமல் இருந்தாள். சண்டை போடும்போது மறந்திருந்த துக்கம், சோற்றைப் பார்த்ததும் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. சுந்தரம் அதைக் கவனித்தார். பிசிபேளா பாத்தை அவரே ஒரு கரண்டி அவள் தட்டில் போட்டார்.

"சாப்பிடுங்கோ மாமி" என்றார், குரலை இறக்கி. "எனக்குத் தெரியும். தொண்டையில இறங்காது. ஆனா கூட நாலு பேர் உக்காந்திருந்தா இறங்கும். சனிக்கிழமை எங்காத்துல அப்படி உக்கார யாரும் வரலை. இவ சிரிச்சா, ரித்விக் ஃபோன எடுக்கலை."

கோமளம் அவரைப் பார்த்தாள். இதைவிடப் பெரிய வார்த்தையை இந்தப் பதினேழு வருஷத்தில் அவளிடம் யாரும் சொன்னதில்லை. "அடுத்த தடவை நான் வரேன்" என்றாள். "அடுப்பு பத்த வைக்காதேங்கோ. நானே பண்ணிக் கொண்டு வரேன்." பிறகு ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். இறங்கியது.

கோமளம் தன் போனை உயிர்ப்பித்ததும் அது துள்ளத் தொடங்கியது. ஷ்ரேயாவிடமிருந்து முப்பத்தெட்டு அழைப்புகள். டாக்சிக்குக் காத்திருந்தபோது உஷா ரித்விக்கிடம் சொல்ல, அவன் சொல்லித் துக்கச் செய்தி அறிந்து, ஆபீஸில் லீவு சொல்லி, ஆட்டோ பிடித்து, பொம்மனஹள்ளி சிக்னலில் மாட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "யாரும்மா போயிட்டா? அப்பாவுக்கு ஒண்ணுமில்லையே? யாரு அங்க கத்தறா?"

"உன் மாமனார்தான். என் டீம வைதுண்டிருக்கார்."

 ஷ்ரேயா மெல்லிய குரலில், "தெரிஞ்சுடுத்தா? நிச்சயம் நின்னு போச்சா?" என்றாள்.

"நிச்சயம் அடுத்த வாரம்தான். கல்யாணத் தேதியத்தான் மாத்திண்டிருக்கோம். ஏப்ரலும் மேயும் கிடையாது. ரெண்டு ஆத்துக்கும் ஏகமனதா முடிவாயிடுத்து. ஃபைனல் முடிஞ்சு பத்து நாள் கழிச்சு வர்ற முதல் முகூர்த்தம்."

"பத்து நாள் எதுக்கு?"

"தீட்டு கழிய வேண்டாமா? எந்த ஆத்துக்கு வரப் போறதுன்னு இப்பவே யார் கண்டா?"

மூன்று மணிக்குச் சம்பந்திகள் கிளம்பினார்கள். அதற்குள் கோமளம் வாசலில் தண்ணீர் தெளித்து, வேளை கெட்ட வேளையில் ஒரு கோலம் போட்டிருந்தாள். உஷா அதை மிதிக்காமல் தாண்டி, திரும்பி நின்று, "போயிட்டு வரேன் மாமி" என்றாள். லிப்டுக்குள் ஏறி, "போயிட்டு வரேன்" என்றாள். கதவு மூடப் போகும்போது சுந்தரம் காலை நீட்டித் தடுத்து, தலையை மட்டும் வெளியே நீட்டி, "போயிட்டு வரேன் மாமி, அந்த டிவி மேல இருக்கற வேஷ்டிய எடுத்துடுங்கோ" என்றார்.